தண்ணீரில் கரையும் கிறீஸ்

கிறீஸ் மூன்று வகை. இதை எனக்கு எந்த மெக்கானிக்கும் சொல்லித் தரவில்லை, எங்கள் கிணற்றடிக் கல் சொல்லித் தந்தது. மஞ்சள் கிறீஸ் வழவழவென்று இருக்கும். தண்ணீர் அதைத் தொடவே தொடாது. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தால்தான் உடுத்த சாரனை விட்டுப் போகும். கறுப்புக் கிறீஸ் மண்ணெண்ணெய்க்கும் மசியாது. பட்டால் பட்டதுதான், மவுத்து வரைக்கும் கூடவே வரும். மூன்றாவது நூல் கிறீஸ். விரலில் தொட்டு இழுத்தால் நூல்நூலாக நீளும், அதனால் நாங்களாக வைத்த பெயர் அது. வண்டிச் சில்லுக்குள் இருக்கும் பெயரிங்குக்குப் போடுவது. பார்க்க அதுதான் மூன்றிலும் பொல்லாததுபோல இருக்கும். ஆனால் தண்ணீரில் முக்கியதும் பாலாக வெளுத்துக் கரைந்து ஓடிவிடும். சவர்க்காரம்கூடத் தேவையில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், கலியாணம் முடித்த புதிதில், நான் தோய்த்த துணியெல்லாம் கிறீஸ் துணிதான். சீதேவியாய் இருந்த வீடு, கராஜ்போல மணக்கும்.

நிந்தவூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு போடியார் இருந்தார். இறக்காமத்து வட்டையில் நிறைய வயல் உள்ளவர். உலகச் சண்டை முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன ஜீப் ஒன்றை அவர் ஏலத்தில் எடுத்தார். வயலுக்கு ஆட்களையும் விதை நெல்லையும் ஏற்றிப்போக, அறுவடையில் மூட்டை ஏற்றிவர. என் வீட்டுக்காரர் சண்டைக் காலத்தில் பட்டாள முகாமொன்றில் வாகனம் ஓட்டப் பழகியவர், அதனால் ஜீப் அவர் கைக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவான். அவர் இறக்காமத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார், அவர் பின்னால் ஜீப்பும் வந்து எங்கள் வளவில் நின்றது.

"வேலியில போற ஓணானப் புடிச்சி மடிக்குள்ள உட்ட கதைதான் இது" என்றார் என் உம்மா, முதல் நாளே.

எனக்கு ஓணான் பயமில்லை, ஜீப்பும் பயமில்லை. ஜீப் போகிற வழிதான் பயம். ஊரை விட்டு மேற்கே போனால் கொஞ்ச தூரம் கிரவல் பாதை. பிறகு ஒரு ஓடை குறுக்கிடும், பாலம் கிடையாது, தண்ணீருக்குள் இறங்கித்தான் ஏற வேண்டும். ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. காட்டைத் தாண்டினால்தான் இறக்காமத்து வயல்வெளி. அந்தக் காலத்தில் மேலே எங்கும் காடு வெட்டிக் குடியேற்றம் நடந்துகொண்டிருந்தது. வெட்ட வெட்ட யானைகளெல்லாம் மிஞ்சிய துண்டுக் காடுகளுக்குள் ஒதுங்கின. எங்கள் வழியில் இருந்ததும் அப்படி ஒரு துண்டுதான்.

என் மூத்த காக்கா, கூடப்பிறந்த அண்ணன், அந்தக் காட்டில்தான் மவுத்தானார். எனக்குக் கலியாணம் ஆவதற்கு முந்திய கதை. வெள்ளாமை பார்க்கச் சைக்கிளில் போனார். போகிற அன்று காலையில் சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்து வைத்து, சங்கிலிக்கும் சில்லுக்கும் எண்ணெய் விட்டு, மிதியைச் சுற்றிக் காட்டினார்.

"பாத்தியா புள்ள, ஒரு கீச்சுச் சத்தம் இரிக்கா?"

இல்லைதான். ஒரு சத்தமும் இல்லை. காட்டு வளைவில் யானையும் அவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கண்டிருக்கிறார்கள். சத்தமே போடாத சைக்கிள் வருவது அதற்கு எப்படித் தெரியும்? ஜனாஸாவை மூடித்தான் கொண்டுவந்தார்கள், எங்களை முகம் பார்க்க விடவில்லை. சைக்கிளை மட்டும் நிமிர்த்தித் தந்தார்கள். அதில்தான் வாப்பா கல்முனைச் சந்தைக்குப் போய்வந்தார். ஆளும் பேருமாய் நிறைந்த கடற்கரை ரோட்டில், பட்டப்பகலில், மணியை விடாமல் அடித்துக்கொண்டே போவார். முதலில் சனங்கள் சிரித்தார்கள். விஷயம் தெரிந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை, ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருட்டு ஒன்றும் செய்யாது. சத்தமில்லாத எதைக் கண்டாலும் நெஞ்சு பதறும். பூனை வந்து நின்றாலும் திடுக்கிடுவேன்.

அந்த வழியில் மாட்டுக் கரத்தை ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓடை வரைக்கும் அச்சுக்கு நன்றாக மசகு போட்டு, மாட்டுக்கு இலேசாக ஓட்டி வருவார்கள். ஓடையில் இறங்கியதும் ஒரு பக்கத்து அச்சில் உள்ள மசகை வழித்துத் துடைத்து, மணலைப் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். பிறகு காடு முடியும்வரை அந்தச் சில்லு கீச்சிட்டுக் கத்திக்கொண்டே போகும். யானை தூரத்திலேயே கேட்டு விலகிவிடும். அதற்குச் சலாம் சொல்வது என்று பெயர். அந்தப் பாதையில் யாரும் யானை என்ற சொல்லையும் எடுக்க மாட்டார்கள், பெரியவர் என்றுதான் சொல்வார்கள்.

ஜீப் வந்ததும் இந்தச் சலாம் பெரிய வழக்காகிப் போனது. போடியாரின் வயலைப் பொறுப்பாகப் பார்க்கிறவர் ஒருவர் இருந்தார், முல்லைக்காரர் என்போம். அவரும் அவருடைய வேலையாட்களும்தான் ஜீப்பில் போகிறவர்கள். முதல் பயணத்திலேயே ஓடைக்கு இந்தப் பக்கம் எல்லோரும் இறங்கி நின்றுவிட்டார்களாம். அன்றைக்கு மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு என் வீட்டுக்காரர் வந்து, சிரித்துச் சிரித்து எனக்குச் சொன்னார்.

"எஞ்சின் இந்தச் சத்தம் போடுது, மறுகா என்ன சலாம் எண்டு கேட்டன். அதுக்கு அவர் சொல்றாரு, 'எஞ்சின் சத்தம் பெரியவர்ர உறுமல் மாதிரித்தான் தம்பி இரிக்கி. தன்ர இனம் வருதெண்டு கிட்ட வந்தா என்ன செய்ற? ஒருத்தன்ட வளவுக்குள்ள போறதெண்டா சலாம் சொல்லிப்போட்டுத்தானே போகணும்.' எப்பிடிக் கதை!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்த மனிசன் சரியாத்தான் சொல்லியிரிக்காரு" என்றேன். "நீங்க சிரிக்காதீங்க. சத்தம் போட வைங்க."

"சத்தம் போட வெச்சா ஜீப் பழுதாப் போகும் புள்ள."

"ஜீப் பழுதாப் போனா போடியார் இன்னொண்டு வாங்குவாரு. நான் எங்க போய் வாங்குற?"

அவர் அடுத்த நாளே ஜீப்பைச் சத்தம் போட வைத்தார். எப்படி என்று அவரே கிணற்றடி வாழைக்குக் கீழே ஜீப்பை நிறுத்தி எனக்குக் காட்டினார். ஜீப்பின் பாரத்தைத் தாங்குவது வளைந்த இரும்புத் தகடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. அந்தத் தகட்டின் ஒரு நுனியைச் சட்டத்தோடு சேர்த்துத் தொங்கவிடும் ஒரு இரும்புக் கொளுக்கிதான் செக்கிள். பாதை குழியில் ஏறி இறங்க, செக்கிள் முன்னும் பின்னும் ஆடும். அதற்குக் கிறீஸ் இருந்தால் மூச்சுக்கூட விடாது. கிறீஸ் இல்லாவிட்டால் அறுக்கப்போகிற கோழிபோலக் கத்தும். பின்பக்கம் இடது செக்கிளை மட்டும் அவர் காயவிட்டார். ஊருக்குள் அது கத்திக்கொண்டு வரும்போது பள்ளிவாசல் முடக்கில் திரும்பும்போதே எனக்குக் கேட்கும். ஆ, உயிரோடு வருகிறார். அல்ஹம்துலில்லாஹ். உலையில் அரிசியைப் போடுவேன்.

சாயங்காலம் முழுக்க நான் காது மட்டும்தான். கடல் இரைச்சல், பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம், அந்தத் தறியடிக்கிற பெண்ணின் வாய்ச் சத்தம், எல்லாவற்றையும் விலக்கி விலக்கி அந்தக் கீச்சை மட்டும் தேடுவேன். கொஞ்சம் சுணங்கினால் அடுப்பில் இருப்பது மறந்துபோகும். ஒரு நாள் மீன் குழம்புக்கு உப்பே போடவில்லை, இன்னொரு நாள் இரண்டு தரம் போட்டேன். அவர் இரண்டையும் சாப்பிட்டார், பாவம்.

ஆனால் காய்ந்த இரும்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? செக்கிள் தேய்ந்து, ஒரு நாள் ஆடாமல் இறுகிப்போய், மேல் தகடு வெடித்துவிட்டது. நல்ல காலம், வயல் வரம்பில் வெடித்தது. அதே வெடிப்பு காட்டுக்குள் நடந்திருந்தால் ஜீப் அங்கேயே குந்தியிருக்கும். போடியார் கொதித்துப் போனார். கொழும்பிலிருந்து கறுப்புக் கிறீஸ் ஒரு தகரப் பேணி எடுப்பித்து, தானே பக்கத்தில் நின்று எல்லாச் செக்கிளுக்கும் போடவைத்தார்.

கறுப்புக் கிறீஸ் நல்ல கிறீஸ், குறை சொல்லக் கூடாது. தகடுகளுக்கு ஏற்றது அதுதான். ஜீப் எண்ணெய்க்குள் விட்ட மாதிரி ஓடியது. சத்தம் அடியோடு நின்றது. வேலையாட்கள் ஏற மறுத்துக் கரத்தைக்குப் பின்னால் நடந்து போனார்கள். என் வீட்டுக்காரர் தனியாக ஓட்டிப் போனார். எனக்குச் சாயங்காலம் கேட்க ஒன்றுமே இல்லை. முற்றத்தில் நிமிர்ந்து பார்த்தால் அவர் வந்து நிற்பார்.

"ஜின் மாதிரி வந்து நிக்கிறீங்களே! மனிசர்ர உயிர் போகுது" என்று கத்துவேன்.

"உசிரோட வந்ததுக்கும் ஏச்சா?"

ஏச்சுத்தான். பயத்தை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. அப்போது வயிற்றில் பிள்ளையும் இருந்தது.

அப்படி ஏசிக்கொண்டே ஒரு நாள் கிணற்றடியில் அவருடைய சாரன்களைத் தோய்த்தேன். அன்று சில்லைக் கழற்றிப் பெயரிங்குக்குக் கிறீஸ் போட்டிருந்தார், சாரனில் மூன்று கிறீஸும் இருந்தது. என் வாய் ஓயவில்லை.

"மஞ்சளும் போகுதில்ல, கறுப்பும் போகுதில்ல. இந்த நூல் சனியனத்தானே எல்லாத்துக்கும் பூசினா என்ன? தண்ணி பட்டதும் தன்ட பாட்டுல போகுது. ஒரு பொம்புளட கை தேயாம இரிக்கும்."

முகம் கழுவிக்கொண்டிருந்த அவர் வாளியை அப்படியே வைத்துவிட்டார். என் கையிலிருந்த சாரனை வாங்கினார். நூல் கிறீஸ் இருந்த இடத்தை வாளியில் முக்கிக் கசக்கினார். தண்ணீர் வெளுத்தது. திரும்ப ஒரு தரம் முக்கினார். சாரனில் ஒன்றுமில்லை. பிறகு ஈரச் சாரனையும் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்புக்குக் கீழே போய்ப் படுத்தவர்தான், சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

அவர் கண்டுபிடித்தது இதுதான். மற்ற எல்லாவற்றுக்கும் மஞ்சளும் கறுப்பும். இடது பின் செக்கிளுக்கு மட்டும், வயலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும், சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நூல் கிறீஸ். பாரம் ஏற்றிக்கொண்டு கிரவல் பாதையில் குலுங்கிப் போகும்போது அது தாங்கும், இரும்பு தேயாது. ஓடையில் இறங்கியதும் ஜீப்பை நடுத் தண்ணீரில் நிறுத்தி, ஒரு பேணியால் அந்தச் செக்கிளுக்குத் தண்ணீரை அடி அடியென்று அடிப்பார். கிறீஸ் பாலாகி ஓடிவிடும். கரை ஏறும்போதே கீச்சுத் தொடங்கும். காடு முழுக்கச் சலாம். திரும்பி வரும்போதும் சலாம். பள்ளிவாசல் முடக்கில் எனக்கும் சலாம். பெயரிங்குக்குப் போடுகிறதைச் செக்கிளுக்கு ஏன் போடுகிறாய் என்று போடியார் கேட்டபோது, "அதுக்கு அதுதான் ஒத்துவருது" என்று மட்டும் சொன்னாராம். தகடு வெடிக்காதவரை போடியாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

வேலையாட்கள் திரும்ப ஏறினார்கள். எனக்குப் பிள்ளை பிறந்தது, பெண் பிள்ளை. ஒரு வருஷத்துக்கு மேல் எல்லாம் நல்லபடி போனது. பயம் போகவில்லை, ஆனால் பயத்துக்கு ஒரு கணக்கு இருந்தது: கேட்டால் இருக்கிறார், கேட்கும்வரை பயப்படு.

பிறகு ஒரு கோடை. மழை பொய்த்த வருஷம். இறக்காமத்தில் என் மாமி, அவருடைய உம்மா, படுக்கையில் விழுந்தார். பேத்தியைக் காணாமல் கண்ணை மூடிவிடுவேனோ என்று ஒவ்வொரு நாளும் சொல்லியனுப்பினார். நான் அந்தக் காட்டு வழியை மிதிப்பதில்லை என்று காக்காவின் ஜனாஸா அன்று சத்தியம் செய்தவள். என்றாலும் மாமியும் ஒரு தாய்தானே. எத்தனை நாளைக்குச் சாட்டுச் சொல்வது? ஒரு காலை நேரம் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளைக்கு உம்மா தைத்த புது வெள்ளைச் சட்டையைப் போட்டு, ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். அங்கே இரண்டு பக்கமும் சில்லுக்கு மேலே ஒவ்வொரு இருக்கை. எனக்கு இடது பக்கத்து இருக்கை. முல்லைக்காரரும் மற்ற ஆட்களும் நெருக்கி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்கள்.

ஆயத்துல் குர்ஸியை ஓதி ஓதிப் பிள்ளையின் மேல் ஊதிக்கொண்டே போனேன். ஓடை வந்தது. ஓடை இல்லை. வெறும் மணல்.

முந்தின கிழமை கடைசியாக வந்தபோது கணுக்கால் அளவாவது இருந்ததாம். என் வீட்டுக்காரர் நடு மணலில் ஜீப்பை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். நூல் கிறீஸ் காலையில்தான் புதிதாகப் போட்டது, செக்கிள் ஊமையாக இருந்தது. காட்டு விளிம்பு எங்களுக்கு முன்னால், கைக்கெட்டுகிற தூரம்போல இருந்தது.

"பகல் வெளிச்சம்தானே" என்றார் அவர். "ஒரு நாளைக்குச் சலாம் இல்லாமப் போனா என்ன?"

"நாங்க வரமாட்டம் தம்பி" என்றார் முல்லைக்காரர். "உன்ட பொஞ்சாதியையும் கொண்டுபோகாத. அதுட காக்கா எப்பிடி மவுத்தானவரு எண்டு உனக்குத் தெரியும்தானே?"

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகமே சொல்லியிருக்கும்.

ஆட்கள் குடிக்கக் கொண்டுவந்த ஒரு குடம் தண்ணீர் இருந்தது. அதை ஊற்றிச் செக்கிளைக் கழுவுவது என்று முடிவானது. அப்படியானால் குடிக்கத் தண்ணீர் வேண்டும். மேலே கொஞ்ச தூரத்தில் மணலைத் தோண்டினால் ஊற்று வரும் என்று சொல்லி, முல்லைக்காரர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடையோடு மேலே நடந்தார். வளைவில் அவர்கள் மறைந்தார்கள். என் வீட்டுக்காரர் குடத்தையும் ஒரு துணியையும் எடுத்துக்கொண்டு ஜீப்புக்குக் கீழே நுழைந்தார். இடுப்புவரை உள்ளே, கால் இரண்டும் வெளியே. நான் மேலே இருக்கையில், பிள்ளை மடியில். கீழே அவர் தண்ணீர் ஊற்றுவதும் துடைப்பதும் கேட்டது. மணல் ஈரமாகிற வாசனை வந்தது.

தண்ணீர் தேடுகிறவர்கள் நாங்கள் மட்டும்தானா?

எதிர்க் கரையில் ஒரு கிளைகூட முறியவில்லை. அதை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை, அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சத்தம் இல்லை. நான் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். யானை கரையிலிருந்து மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டமில்லை. தனியன்.

கூப்பிட வாயைத் திறந்தேன். கீழே அவர் தன்பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தார். "இஞ்ச பாரு புள்ள, உள்ளுக்கு இன்னும் கிடக்கு, வழிச்சா வருதில்ல..."

"அசையாதீங்க" என்றேன். எனக்கே கேட்காத சத்தம். "இஞ்ச வந்து நிக்கிது. அல்லாவுக்காக அசையாதீங்க."

துடைக்கிற சத்தம் நின்றது. அவ்வளவுதான்.

அது நேரே எங்களிடம் வரவில்லை. தும்பிக்கையால் மணலைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, நின்று நின்று வந்தது. பிறகு ஈரம் மணத்திருக்க வேண்டும். தும்பிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் நீட்டியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. குடத்துத் தண்ணீர் முழுக்க அவர் காலடி மணலில் ஊறிக் கிடந்தது. அது தேடி வந்த தண்ணீர் அங்கேதான் இருந்தது.

நான் யா அல்லாஹ் என்றுகூட நினைக்கவில்லை. ஓத நினைத்தது எல்லாம் மறந்துபோனது. காக்கா மிதியைச் சுற்றிக் காட்டியதுதான் கண்ணுக்குள் வந்தது. ஒரு கீச்சுச் சத்தம் இரிக்கா? சும்மா இருந்தால் அது பார்த்துவிட்டுப் போகலாம். சத்தம் போட்டால் மிரண்டு மிதிக்கலாம். மிதித்தால் முதலில் அந்தக் கால்கள், பிறகு நாங்கள். எது சரி என்று யார் எனக்குச் சொல்வது? யானையின் கண் ஓரத்தில் வடிந்து காய்ந்த கோடு எனக்குத் தெரிந்தது. அவ்வளவு கிட்ட.

பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருக்கையிலிருந்து எழும்பி, முழுப் பாரத்தோடும் பொத்தென்று உட்கார்ந்தேன். ஜீப் அசைந்தது. செக்கிள் சத்தம் போடவில்லை.

திரும்ப எழும்பி உட்கார்ந்தேன். இல்லை. பாழாய்ப்போன கிறீஸ், வாளித் தண்ணீரில் அப்படிக் கரைந்தாயே, இப்போது உனக்கு என்ன வந்தது?

தும்பிக்கை ஈர மணலில் பட்டது. அவருடைய இடது காலுக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண் இருக்குமோ என்னவோ. அவர் காலை இழுக்கவில்லை.

எழும்பினேன், விழுந்தேன். கீச்ச்.

யானை தும்பிக்கையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டது. காது இரண்டும் விரிந்தன. நான் நிறுத்தவில்லை. நிறுத்தப் பயமாக இருந்தது. எழும்பி உட்கார்ந்தேன், எழும்பி உட்கார்ந்தேன், முக்காடு கழன்று விழுந்தது, பிள்ளை வீரிட்டு அழுதது, செக்கிள் கத்தியது, நானும் கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது, மறுநாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. என்ன கத்தினேன் என்று தெரியாது. யானை ஒரு அடி பின்னால் வைத்தது. தலையை ஒரு பக்கம் சரித்து எங்களைப் பார்த்தது. பிறகு திரும்பி, வந்த வழியே கரையேறி, காட்டுக்குள் போய்விட்டது. போகும்போதும் சத்தமில்லை.

அது போன பிறகும் நான் குதித்துக்கொண்டே இருந்தேன். கீழேயிருந்து குரல் வந்தால்தான் நிறுத்துவேன்போல. குரல் வந்தது.

"வஅலைக்குமுஸ்ஸலாம், புள்ள. காணும், நிப்பாட்டு. ஜீப் என்ட நெஞ்சில குந்தப்போகுது."

முல்லைக்காரரும் ஆட்களும் சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள். ஈர மணலில் கிடந்த யானைக் காலடியைப் பார்த்துவிட்டு முல்லைக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு" என்றார்.

என் வீட்டுக்காரர் ஊர்ந்து வெளியே வந்தார். ஜீப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். சிரிக்கப் பார்த்தார், அது வரவில்லை. முழங்கைவரை நூல் கிறீஸ். வீட்டில் அந்தக் கையோடு பிள்ளையைத் தொட வந்தால் நான் அகப்பையை எடுத்துவிடுவேன். "போய்க் கழுவிட்டு வாங்க, புள்ளைட சட்டை நாசமாப் போகுது" என்பேன். பிள்ளை பிறந்த நாள் முதல் எங்கள் வீட்டில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

அவர் கையை நீட்டவில்லை. சட்டம் அவருக்கும் ஞாபகம் இருந்தது. நான்தான் பிள்ளையைத் தூக்கி அவர் கையில் வைத்தேன்.

புது வெள்ளைச் சட்டை. முதுகில் இரண்டு உள்ளங்கையும் பத்து விரலும் அப்படியே பதிந்துவிட்டன. மாமி அன்று பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "என்ன புள்ள இது, சட்டையெல்லாம் ஊத்தையா இரிக்கி, கழட்டித் தா, கிணத்தடியில ஒரு முக்கு முக்கினாப் போகும்" என்றார்.

போகும் என்று எனக்குத் தெரியாதா? சவர்க்காரம்கூட வேண்டாம். ஒரு வாளித் தண்ணீர், ஒரு முக்கு, பாலாகிப் போய்விடும்.

நான் கழற்றிக் கொடுக்கவில்லை. அந்தச் சட்டையை நான் ஒரு நாளும் தண்ணீரில் போடவில்லை.